சாய்ந்த மேசையில் இரண்டு ரத்தம்

மகளே,

நலம் என்று எழுதித்தான் எல்லோரும் கடிதத்தைத் தொடங்குகிறார்கள். நான் அப்படித் தொடங்கப்போவதில்லை. நான் நலம் என்று எழுதினால் நீ நம்பமாட்டாய். அதற்கு என்ன சாட்சி என்று கேட்பாய். ஆகையால் அந்த வார்த்தையைக் கடைசிக்கு வைத்துக்கொள்கிறேன். அது வருமா வராதா என்று தெரியாமல் நீ இந்தக் கடிதம் முழுவதையும் படிக்கவேண்டும். மூன்று மாதம் என்னைக் காத்திருக்க வைத்தாயே, நீ கொஞ்ச நேரம் காத்திருந்தால் ஒன்றும் குறைந்துவிடாது.

இதை நான் நின்றுகொண்டு எழுதுகிறேன். உட்கார்ந்தால் வலது கால் இன்னும் இழுக்கிறது. உன் அம்மாவின் துணிப்பெட்டியை மேசைமேல் ஏற்றி, அதன்மேல் காகிதத்தைப் பரப்பியிருக்கிறேன். உன் அம்மா குசினி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "தொரை மாதிரி நின்னுக்கிட்டு யாருக்கு உத்தரவு எழுதுதிய?" என்றாள். உன் மகளுக்கு என்றேன். "அவளுக்கா? அவல்லா உங்களுக்கு உத்தரவு போடுவா" என்று சொல்லிவிட்டுச் சிரித்துக்கொண்டே உள்ளே போனாள். இதில் இரண்டு பிரதி எழுதுகிறேன். ஒன்று மதராஸில் உனக்கு. இன்னொன்று நம் மாதா கோயிலின் மாதப் பத்திரிகைக்கு. என் முதுகைப் பற்றி இந்த ஊர் திரேஸ்புரம் கரையிலும் மீன் ஏலத்திலும் சத்தமாகப் பேசியது. அதற்குப் பதிலை நான் மட்டும் ஏன் உறை போட்டு ஒட்டி அனுப்பவேண்டும்? ஊரும் படிக்கட்டும்.

நடந்தது உனக்குத் தெரியும். ஆனால் ஊருக்கு முழுதாகத் தெரியாது என்பதால் முதலிலிருந்து சொல்கிறேன். கரையிலிருந்து தள்ளி நிற்கும் கப்பலுக்குச் சரக்கு ஏற்றிப்போகும் தோணி ஒன்றுக்கு நான் தண்டல், அதாவது அந்தத் தோணியில் என் சொல்தான் சொல். தண்டல் நங்கூரத்தில் கை வைக்கக்கூடாது. சுக்கானைப் பிடித்து உத்தரவு கொடுத்தால் போதும். அன்றைக்கு ஆள் ஒன்று குறைவு. நங்கூரம் அடியில் பாறையில் மாட்டிக்கொண்டது. நான் இறங்கிக் குனிந்து இழுத்தேன். முதுகில் ஏதோ நழுவியது போல இருந்தது; பிறகு பிட்டத்திலிருந்து குதிகால் வழியாகச் சுண்டுவிரல் வரை ஒரு சூட்டுக்கோலை இழுத்தது போல வலி. அதை நான் தவறு என்று எழுதுவேன் என்று எதிர்பார்க்காதே. நாளைக்கு நங்கூரம் மாட்டினாலும் இழுப்பேன். மாட்டிய நங்கூரத்தை வைத்துக்கொண்டு கப்பலைக் காக்கவைக்கும் தண்டல் எனக்குத் தெரிந்து இந்தக் கரையில் இல்லை.

வாரக்கணக்கில் வலி போகவில்லை. கடற்கரைச் சாலையில் பழைய உப்புக் கிட்டங்கியை, அதாவது உப்பு அடுக்கும் கிடங்கை, வாடகைக்கு எடுத்து வைத்தியம் பார்க்கும் டாக்டரிடம் போனேன். தஞ்சாவூர்ப் பக்கத்து மனிதர், படிப்பாளி. அதை நான் மறுக்கவில்லை. எக்ஸ்ரே எடுத்துவரச் சொன்னார். படத்தில் கீழ்முதுகில் இரண்டு எலும்புகளுக்கு நடுவே இருக்கவேண்டிய இடைவெளி குறுகியிருந்தது. பிறகு ரத்தம் எடுத்தார். உறையாமலிருக்க ஒரு மருந்து கலந்து, மெல்லிய கண்ணாடிக் குழாயில் ஏற்றி, ஒரு மணி நேரம் நிறுத்திவைத்துப் பார்த்தார். ரத்தத்தின் சிவப்பு கீழே இறங்கி மேலே தெளிவு விடும். உடம்புக்குள் எங்கேயாவது நோய் கனன்றுகொண்டிருந்தால் அது வேகமாக இறங்குமாம். என் ரத்தம் இறங்கவேண்டிய அளவைவிடக் கூடுதலாக இறங்கியிருந்தது. டாக்டர் படத்தையும் குழாயையும் சேர்த்துப் பார்த்துவிட்டு, "முதுகெலும்பில் டி.பி.யாக இருக்கலாம். மாவுக்கட்டுப் படுக்கையில் ஒரு வருஷமாவது அசையாமல் இருக்கணும்" என்றார். எனக்குக் காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை, உடம்பு இளைக்கவில்லை என்றேன். "சில பேருக்கு அப்படித்தான் ஆரம்பிக்கும்" என்றார். நான் பள்ளிக்கூடம் போனவனில்லை. சரக்கு மூட்டைகளின் மேல் அச்சடித்திருந்த எழுத்துகளைக் கூட்டிக் கூட்டி இங்கிலீஷ் கற்றவன். அகராதி வாங்கி, பழைய வைத்திய புஸ்தகம் ஒன்றையும் முழுதாகப் படித்தவன். அவர் சொன்னது தப்பு என்று எனக்குத் தெரிந்தது. ஆனால் எங்கே தப்பு என்று தெரியவில்லை. அதுதான் என்னைத் தின்றது.

ஊருக்கு 'இருக்கலாம்' என்ற சொல் காதில் விழவில்லை. எலும்புருக்கி என்பதுதான் விழுந்தது. தோணியில் எல்லோருக்கும் பொதுவாக ஒரு தண்ணீர்ப் பானை உண்டு. என்னோடு இத்தனை வருஷம் கடலில் கிடந்த சூசை, ஒரு காலை தனக்கென்று தனியாகத் தண்ணீர்க் குப்பி கொண்டுவந்தான். "என்னலே, பானத் தண்ணி கசக்கா?" என்றேன். "இல்ல தண்டலய்யா, வீட்டுல குடுத்துவிட்டா" என்று கடலைப் பார்த்துச் சொன்னான். அதன்பிறகு நான் தோணிக்குப் போகவில்லை. வீட்டில் உன் அம்மா என் தம்ளரை ஜன்னலோரம் தனியாக வைத்தாள். அவளை நான் குறை சொல்லவில்லை, அழுதுகொண்டே வைத்தாள்.

உனக்குத் தந்தி போனது. நீ டாக்டருக்குப் படித்து முடித்து, மதராஸ் ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம் இது. கல்யாணத்துக்கும் நாள் குறித்திருந்தோம். நீ வந்து இறங்கியதும் செய்த முதல் காரியம் எனக்கு இன்னும் ஆறவில்லை. தனியாக இருந்த தம்ளரைப் பார்த்தாய். எடுத்து மற்றவற்றோடு வைப்பாய் என்று நினைத்தேன். நீ எடுக்கவில்லை. "தெரியிற வரைக்கும் அங்கனயே இருக்கட்டும்மா" என்றாய். என் தம்ளரைத் தனியாக வைத்தவர்களில் நீயும் ஒருத்தி என்பதை இந்தப் பத்திரிகை வழியாகவும் சொல்லிவைக்கிறேன். சொல்லும்போதே இதையும் சொல்லவேண்டும்: சூசை கடலைப் பார்த்துச் சொன்னான்; நீ என் கண்ணைப் பார்த்துச் சொன்னாய். அந்த இரண்டுக்கும் உள்ள தூரம் இங்கிருந்து கொழும்புக்கு உள்ள தூரம்.

என்னைப் படுக்கவைத்துக் காலை மடக்காமல் தூக்கினாய். பாதித் தூரம் வருவதற்குள் நான் கத்தினேன். ரப்பர்ச் சுத்தியலால் குதிகாலுக்கு மேலே தட்டினாய். இடது பாதம் துள்ளியது. வலது பாதம் செத்த மீன் போலக் கிடந்தது. நீ சந்தோஷப்பட்டது போல எனக்குத் தோன்றியது. "சிரிக்கியாளா?" என்று கேட்டேன்.

"சிரிக்கலப்பா. தோணி கப்பல் பக்கம் ஒட்டும்போது நடுவுல கயித்துப் பந்து தொங்கவிடுதியல்லா, இடிச்சுக்கிடாம இருக்க?"

"ஆமா."

"நசுங்கி நசுங்கி ஒருநா அது பிஞ்சு உள்ள இருக்க நாரு வெளிய பிதுங்கும்லா? முதுகெலும்புக்கு நடுவுலயும் அப்படி ஒண்ணு இருக்கு. அது பிதுங்கிப் பக்கத்துல போற நரம்ப அழுத்தினாலும் இடைவெளி குறுகும், இந்த வலிதான் வரும். டி.பி.யா இருந்தாலும் இடைவெளி குறுகும். படத்த வச்சுப் பிரிக்க முடியாது. ரத்தந்தான் பிரிக்கும். பிதுங்கினதுக்கு ரத்தம் பெருசா கோவிச்சுக்கிடாது. டி.பி.க்குக் கோவிக்கும்."

"என் ரத்தம் கோவிச்சிருக்குன்னு அவரு சொல்லுதாரே."

"அதான் எனக்கும் புரியல" என்றாய். தெரியாததைத் தெரியாது என்று சொல்ல நீ எங்கே கற்றாய் என்று எனக்குத் தெரியவில்லை. நிச்சயமாக என்னிடம் இல்லை.

மறுநாள் என்னைக் குதிரைவண்டியில் படுக்கவைத்துக் கிட்டங்கிக்குக் கூட்டிப்போனாய். சூசைதான் என்னைத் தூக்கி இறக்கினான், கூப்பிடாமலே வந்திருந்தான். வெளியூர்க்காரர்களுக்காக ஒன்று சொல்லவேண்டும். உப்புக் கிட்டங்கியின் தரையை யாரும் மட்டமாகப் போடமாட்டார்கள். உப்பிலிருந்து கசியும் நீர் வாசலைப் பார்த்து ஓடுவதற்காகச் சரிவாகத்தான் போடுவார்கள். அதில் குடியேறுகிறவர்கள் கட்டில் காலுக்குக் கட்டை வைப்பார்கள், இல்லாவிட்டால் தலை தாழும். அலமாரிக்கு வைப்பார்கள், இல்லாவிட்டால் கதவு தானாகத் திறக்கும். டாக்டரும் இரண்டுக்கும் வைத்திருந்தார். ரத்தம் பார்க்கும் மேசைக்கு மட்டும் வைக்கவில்லை. சரிவான தரையில் மேசை ஆடாது. நாலு காலும் நன்றாகப் பதிந்து நிற்கும். ஆடாத மேசைக்கு யார் கட்டை வைப்பார்கள்? நான் வைத்திருப்பேனா? மாட்டேன். இந்த ஊரில் யாரும் வைத்திருக்கமாட்டார்கள்.

நீ அந்த மேசை முன்னால் நின்று மருந்துப் புட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாய். புட்டிக்குள் நீர் ஒரு பக்கம் உயர்ந்தும் ஒரு பக்கம் தாழ்ந்தும் நின்றது. நான் கட்டிலில் படுத்தபடி உன் முதுகை மட்டும் பார்த்தேன். உன் தோள் இறங்கியது தெரிந்தது. திரும்பி, "சார், இன்னொரு தடவ பாத்திருவோமா? அப்பாவுக்கு மட்டும் வேண்டாம். என் ரத்தத்தையும் எடுங்க" என்றாய்.

"உங்களுக்கு எதுக்கும்மா?"

"எனக்கு ஒரு நோயும் இல்ல சார். அதுக்காகத்தான்."

சூசையை அனுப்பித் தோணி மராமத்தில் மிஞ்சிய தேக்குத்துண்டு ஒன்றைக் கொண்டுவரச் சொன்னாய். பக்கத்தில் வேறொரு மேசையைப் போட்டு, அதன் கால்களுக்குக் கட்டை வைத்து, புட்டி நீர் மட்டமாக நிற்கும்வரை சரிசெய்தாய். என் ரத்தம் இரண்டு குழாய், உன் ரத்தம் இரண்டு குழாய். ஒவ்வொருவர் ரத்தத்திலும் ஒரு குழாய் சாய்ந்த மேசையில், ஒரு குழாய் நேரான மேசையில். ஒரு மணி நேரம் காத்திருக்கவேண்டும். எனக்கு அந்த நேரத்தில் பயமாக இருந்தது. மாவுக்கட்டை நினைத்து இல்லை. கல்யாணம் வைத்திருக்கும் பெண், தன் ரத்தத்தையும் அந்தக் குழாயில் ஏற்றிவிட்டாளே, ஏடாகூடமாக ஏதாவது காட்டினால் இந்த ஊர் அதை எப்படிச் சொல்லும் என்றுதான். அது உனக்கும் தெரியும். தெரிந்தும் கையை நீட்டினாய்.

நேரான மேசையில் இரண்டு ரத்தமும் இறங்கவேண்டிய அளவுதான் இறங்கியிருந்தது. சாய்ந்த மேசையில் என் ரத்தம் முன்பு போலவே கூடுதலாக இறங்கியிருந்தது. உன் ரத்தமும் அதேபோல. குழாய் சாய்ந்தால் சிவப்பு ஒரு பக்கமாகச் சறுக்கிச் சீக்கிரம் இறங்கிவிடும் என்றாய். டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார்.

நான் கட்டிலிலிருந்தே, "இப்ப என்ன சொல்லுதீரு டாக்டரே? இந்த மேசக் கணக்குப்படி எம் மகளுக்கும் எலும்புருக்கிதானே?" என்று கேட்டேன்.

"அப்பா, பேசாம படுங்க."

"நான் ஏன்ளா பேசாம இருக்கணும்?"

"டி.பி. இல்லன்னு இன்னும் யாரும் சொல்லலப்பா. இருக்குன்னு சொன்ன சாட்சி பொய்யாப்போச்சு. அவ்வளவுதான்."

அத்தோடு விடவில்லை. ஒரு தடவை சரியாக இருந்தால் போதாது; மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்கவேண்டும்; அன்றைக்கும் கூடுதலாக இறங்கியிருந்தால் மாவுக்கட்டுதான் என்றாய். எனக்குத் தலைகால் தெரியாத கோபம். அப்போது நீ முத்துக்குளிப்புப் பேச்சை எடுத்தாய். முத்துக்குளிப்புத் தொடங்குவதற்குமுன் பாரில், அதாவது கடலடியில் சிப்பி விளையும் திட்டில், கொஞ்சம் எடுத்துப் பார்ப்பார்கள். ஒருமுறை எடுத்ததில் நன்றாக இருந்ததை நம்பிக் காத்திருந்து, அடுத்த பருவத்தில் போய்ப் பார்த்தால் பாரே காலியாகக் கிடந்த கதையை நான்தான் உனக்குச் சொல்லியிருந்தேன். "ஒரு தடவ எடுத்துப் பாத்தது போதுமாப்பா? நீங்கதானே சொல்லுவிய" என்றாய். என் கதையை எடுத்து என்னையே அடித்தாய். இது நியாயமில்லை என்று இப்போதும் சொல்கிறேன்.

வெளியே வாசலில் ஏழெட்டுப் பேர் காத்திருந்தார்கள். எல்லோருக்கும் என்னைத் தெரியும். மேசை கோணல், தண்டல் நேர் என்று நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பொழுது சாய்வதற்குள் ஊர் முழுக்கப் போயிருக்கும். நீ சொல்லவில்லை. வண்டியில் கேட்டதற்கு, "நோயாளி விஷயத்த வாசல்ல வச்சுப் பேசக்கூடாதுப்பா" என்றாய்.

"நாந்தானளா நோயாளி? நானே பேசுதேன்."

"நீங்க பேசுங்க. யாரு வேண்டாங்கா?"

இதோ, பேசிக்கொண்டிருக்கிறேன்.

ஆனால் வாசலில் நீ ஏன் பேசவில்லை என்பது அந்த வாரத்தில் எனக்குத் தெரிந்தது. டாக்டர் உன்னிடம், "இந்த மேசையில் எத்தனை பேருக்குப் பார்த்தேனோ" என்று குரல் இறங்கிச் சொன்னபோது, "எல்லாரையும் திரும்பக் கூப்பிடுங்க சார், நானும் கூட நிக்கேன்" என்று சொல்லிவிட்டாய். உன் லீவில் மிச்சமிருந்த காலைகள் எல்லாம் கிட்டங்கியில் போயின. முதுகு நேராக இருக்க நீ போடச் சொன்ன பலகைமேல் படுத்துக்கிடந்த என் பக்கத்தில் நீ உட்கார்ந்த நேரம் கொஞ்சம்தான். அந்த வருத்தமும் எனக்கு உண்டு. சிலருடைய ரத்தம் நேரான மேசையில் சரியாகிவிட்டது. புன்னைக்காயலிலிருந்து வந்த ஒரு பெண்ணுக்கு மட்டும், நேரான மேசையிலும் சிவப்பு விறுவிறுவென்று இறங்கியதாம். அன்று நீ சாப்பிடாமல் திரும்பினாய். உன் அம்மா கேட்டதற்கு, "அந்தக்கா, மேசை கோணல்னுதானே கூப்பிட்டீகன்னு சிரிச்சிக்கிட்டே வந்தாம்மா" என்றாய். வாசலில் நீ என் வெற்றியைக் கொண்டாடியிருந்தால் அவள் முகத்தை எப்படிப் பார்த்திருப்பாய்? நான் இதைச் சத்தமாக ஒப்புக்கொண்டதில்லை. பலகைமேல் படுத்துக் கூரை மோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கல்யாண விஷயத்திலும் உன்மேல் எனக்குக் கோபம்தான். மாப்பிள்ளை வீட்டாருக்குத் தெரியவேண்டாம் என்று நானும் உன் அம்மாவும் பேசிவைத்தோம். நீயே மாப்பிள்ளைக்கு எழுதினாய்: என் அப்பாவுக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது, மூன்று மாதத்தில் தெரியும், அதுவரை பொறுங்கள் என்று. கிறிஸ்துமஸுக்கு முந்தின ஆகமன காலத்துக்கும் முன்னால் வைத்திருந்த கல்யாணம், ஜனவரியில் வரும் மூன்று ராஜாக்கள் திருநாள் கழித்து என்று போயிற்று. என்னால் உன் கல்யாணம் தள்ளிப்போனது என்பதை எப்படித் தாங்குவது? அந்தப் பையன், பொறுத்திருக்கிறேன், அப்பாவுக்குக் கட்டை வைத்த மேசையில் பார்க்கச் சொல்லுங்கள் என்று பதில் எழுதியதை நீ எனக்கு வாசித்துக் காட்டினாய். நல்ல பையன்தான். ஆனால் என் கேலி அவனுக்கு இன்னும் பாக்கியிருக்கிறது.

உனக்கு அறிவுரை சொல்வது என் முறை. நீ போகும் இடத்திலும் ஆடாத மேசைகள் இருக்கும். எல்லாம் பதிந்து நிற்கும், எல்லோரும் அதன்மேல் வைத்துத்தான் எழுதுவார்கள். புருஷன் வீட்டில் இருக்கும், ஆஸ்பத்திரியில் இருக்கும், உன் அப்பனிடமும் இருக்கிறது. நீ புட்டியைப் பார்ப்பதை விட்டுவிடாதே. குறை கண்டால் அன்றைக்குச் செய்ததைப் போலவே செய்; முதலில் உன் ரத்தத்தை எடுத்து அதன்மேல் வை. பிறகு எவரும் உன்னை எதிர்த்துப் பேசமுடியாது. இதை நான் உனக்குக் கற்றுத்தரவில்லை. உன்னைப் பார்த்துத் தெரிந்துகொண்டதை உனக்கே திருப்பி எழுதுகிறேன். ஒரு தகப்பன் இப்படி எழுதுவது முறையா என்று தெரியவில்லை. எழுதியாகிவிட்டது.

மூன்று மாதம் முடிந்தது. நேற்றுக் காலை கிட்டங்கிக்குப் போனேன். நடந்தே போனேன். உன் அம்மா கூட வருகிறேன் என்றதற்கு வேண்டாம் என்றுவிட்டேன். மாவுக்கட்டு என்று சொல்லிவிட்டால் வீட்டுக்கு வரும்வரை என் முகத்தை யாரும் பார்க்கக்கூடாது. உள்ளே போனதும் டாக்டரைப் பார்க்கவில்லை. மேசைக் காலைப் பார்த்தேன். உன் தேக்குத்துண்டு இருந்தது. ஆணி அடித்து வைத்திருக்கிறார். அவரை நான் மன்னிக்கவில்லை, அதை அவரிடமே சொன்னேன். "சரி, கையை நீட்டுங்க" என்றார். என் ரத்தத்தை எடுத்தபிறகு தன் சட்டைக் கையை மடக்கினார். "இப்பல்லாம் பக்கத்தில் என்னோடதையும் வைக்கிறேன். உங்க மக பழக்கிவிட்டுப் போயிட்டா" என்றார். கம்பவுண்டர் வெளியே போயிருந்தார். ஊசி போட நரம்பு புடைக்கும்படி நானே அவருடைய மேல்கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். நான் மன்னிக்காத மனிதரின் கை அது. ஆனால் பிடி தளரவில்லை.

ஒரு மணி நேரம் இரண்டு குழாய்க்கும் முன்னால் நின்றேன். உட்காரச் சொன்னார், நின்றேன். அவருடையதும் என்னுடையதும் ஒரே மட்டத்தில் நின்றன.

திரும்பும் வழியில் கரையில் சூசை நின்றிருந்தான். முடிவு என்ன என்று தெரியும் முன்பே, தோணியிலிருந்து பானைத் தண்ணீரை மொண்டு தான் பாதி குடித்துவிட்டு, மீதியை என்னிடம் நீட்டினான். வீட்டுக்கு வந்தபோது ஜன்னலோரம் வெறுமையாகவே இருந்தது. நீ மதராஸுக்குப் புறப்பட்ட அன்றே என் தம்ளரை மற்றவற்றோடு கவிழ்த்துவிட்டுப் போயிருந்தாய். நான் பார்த்தும் பார்க்காதது போல இருந்தேன். நேற்றுத்தான் அதை எடுத்துக் காப்பி குடித்தேன்.

மாப்பிள்ளைக்கு எழுது. கோயில் வாசலிலிருந்து பீடம் வரைக்கும் உன் பக்கத்தில் நான் நடந்து வருவேன். பூசை முழுவதும் எல்லோரும் உட்காரும்போது நான் மட்டும் நின்றுகொண்டிருப்பேன். ஏன் என்று கேட்கிறவர்கள் கோயில் பத்திரிகையைப் படிக்கட்டும். பின்னால் இருப்பவர்களுக்கு மறைத்தால் அவர்கள் நகர்ந்து உட்காரட்டும்.

என் வார்த்தையை நீ நம்பவேண்டாம். டாக்டர் கையெழுத்துப் போட்ட சீட்டை உன் பிரதியோடு வைத்திருக்கிறேன். அதைப் பார்த்துவிட்டு அடுத்த வரியைப் படி.

நலம்.

உன் அப்பா